கவுண்ட் இறங்கிய நாள்

அந்த ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு வருஷக்கணக்காகிறது. மறுபடியக்கா என்றால்தான் தெரியும். எதைக் கொடுத்தாலும், எந்த எண்ணைச் சொன்னாலும், அவள் வாயிலிருந்து முதலில் வருகிற சொல் அதுதான். மெஷின் ஒரு எண்ணைத் துப்பினால், மறுபடி போடு. டியூபில் ஒட்டிய சீட்டில் எழுத்து கொஞ்சம் சாய்ந்திருந்தால், மறுபடி கேளு. ஒருமுறை நிர்வாகத்திலிருந்து அவளுக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. தனக்குத்தானா, வேறு யாருக்காவது வந்தது கைமாறிவிட்டதா என்று ஆபீஸ் வரைக்கும் போய் விசாரித்துவிட்டுத்தான் உறையையே பிரித்தாள்.

வேலை அப்படிப்பட்டது என்று அவள் சொல்லிக்கொள்வாள். பத்தொன்பது வருஷமாக மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து வெள்ளணுக்களை எண்ணுகிறவள். ஸ்லைடு என்கிற கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு ரத்தத்தை இழுத்துப் பரப்பி, காயவைத்து, சாயம் ஏற்றி, எண்ணெய் ஒரு துளி விட்டு, லென்ஸை இறக்கிப் பார்க்க வேண்டும். சிவப்பணுக்களின் கூட்டத்துக்கு நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஊதா நிறத்தில் வெள்ளணு தெரியும். அது என்ன வகை என்று பார்த்து, எண்ணும் பெட்டியில் அந்த வகைக்கான பொத்தானை அழுத்த வேண்டும். நூறு ஆனதும் பெட்டி டிங் என்று மணி அடிக்கும். மற்றவர்கள் மணி அடித்ததும் டீ குடிக்க எழுந்து போய்விடுவார்கள். மறுபடியக்கா பெட்டியைப் பூஜ்யத்துக்குத் திருப்பி இன்னொரு நூறு எண்ணுவாள்.

வீட்டிலும் இதே கதைதான். ஷாம்பு பாட்டிலில் எவ்வளவு இருக்கிறது என்று பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்திருப்பாள். அலமாரிக் கதவை மூடும்போது, யாராவது திறந்தால் தெரியட்டும் என்று தன் தலைமுடி ஒன்றைக் கீலில் செருகிவிட்டுப் போன காலமும் உண்டு. கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், சாது. கடையிலிருந்து வர பத்து நிமிஷம் தாமதமானால் ஏன் தாமதம் என்று அவரே ஒரு காரணத்தை வழியிலேயே தயார் செய்துகொண்டு வருவார். உண்மையான காரணத்தைச் சொன்னால் அவள் நம்புவதில்லை என்பது அவர் அனுபவம்.

வாழ்க்கையில் அவள் மறுபேச்சில்லாமல் நம்பியது ஒன்றே ஒன்று. அதையும் முதல் தடவையிலேயே நம்பிவிடவில்லை. படிக்கிற காலத்தில் வகுப்பில் ஒரு சோதனை செய்து காட்டினார்கள். ஒரு தட்டில் ஜெல்லி மாதிரி ஒன்றை ஊற்றி, அதில் வரிசையாக மூன்று குழி. நடுக்குழியில் வெள்ளணுக்கள். இடது குழியில் கிருமி வளர்த்த நீர். வலது குழியில் வெறும் உப்புநீர். இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் பார்த்தால் வெள்ளணுக்கள் ஜெல்லிக்கு அடியில் ஊர்ந்து இடது பக்கமாகக் கிளம்பியிருந்தன. வகுப்பே வாயைப் பிளந்தது. அவள் மட்டும், மேஜை இடது பக்கம் சரிந்திருக்கிறது என்றாள்.

மறுநாள் தட்டைத் திருப்பி வைத்தாள். அதற்கு மறுநாள் குழிகளையே மாற்றினாள். மூன்று நாள் மதியச் சாப்பாட்டைத் தியாகம் செய்த பிறகு வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டாள். வெள்ளணுவுக்குக் கண் கிடையாது, காது கிடையாது, மூளை கிடையாது. எந்தப் பக்கம் கிருமி கசியவிடுகிற ரசாயனம் ஒரு சொட்டு கூடுதலாக இருக்கிறதோ அந்தப் பக்கமாகத் திரும்பி நகர்கிறது. உடம்புக்குள்ளேயும் அப்படித்தான் என்று பிறகு படித்தாள். ஓரிடத்தில் அடிபட்டாலோ கிருமி புகுந்தாலோ அங்கே இருக்கிற செல்களே ரசாயனத்தைக் கசியவிடும். பக்கத்தில் ஓடுகிற ரத்தக் குழாயின் உள்சுவர் பசை பிடித்ததுபோல ஆகிவிடும். ரத்தத்தோடு உருண்டு போகிற வெள்ளணு அங்கே வந்ததும் வேகம் குறைந்து, ஒட்டி, சுவரின் இடுக்கில் உடம்பை நுழைத்து வெளியே வந்துவிடும். பிறகு வாசனை பிடித்துப் போகிற மாதிரி, ரசாயனம் எங்கே அடர்த்தியோ அங்கே போகும். முதலில் போய்ச் சேர்ந்தவை தாங்களும் ரசாயனத்தைக் கசியவிட்டு மற்றவர்களைக் கூப்பிடும். எலும்புக்குள் இருக்கிற மஜ்ஜை வரைக்கும் சேதி போய், கையிருப்பில் உள்ள வெள்ளணுக்களையெல்லாம் அது திறந்துவிடும்.

இதில் அவளுக்கு ஒரே ஒரு மனத்தாங்கல் இருந்தது. ஒரு விசாரணை கூட இல்லாமல் இப்படிக் குருட்டாம்போக்கில் ஓடுகிறதுகளே என்பதுதான் அது. சில உடம்புகளில் தப்பான அழைப்புக்கும் ஓடிப்போய், ஒன்றுமில்லாத மூட்டுகளை வீங்க வைத்துவிட்டு நிற்கும் என்று படித்தபோது, தான் நினைத்தது சரிதான் என்று அவளுக்கு ஒரு திருப்தி.

அவளுடைய நாத்தனார் இரண்டு வாரம் தங்க வந்தது இந்த மாதிரி வீட்டுக்குத்தான். கணவரின் ஒரே தங்கை. டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். கற்றுக்கொள்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கிற இன்னொரு பிரேக்கில் எப்போதும் காலை வைத்திருக்கிற வேலை. குடியிருக்கிற கட்டடத்தில் தண்ணீர்க் குழாய்களையெல்லாம் மாற்றுகிறார்கள், வேலை முடிகிற வரைக்கும் இங்கே இருக்கிறேன் என்று ஒரு பெட்டியோடு வந்தாள். குழாய் மாற்ற இரண்டு வாரமா என்று மறுபடியக்கா கணவரிடம் கேட்டாள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். ஷாம்பு பாட்டிலில் இரண்டாவது கோடு விழுந்தது.

வந்த ஆறாம் நாள் பின்னறைக்குச் சுண்ணாம்பு அடிக்க ஏற்பாடாகியிருந்தது. பெரிய அலமாரியைக் காலி செய்து முன்னறைக்கு நகர்த்த வேண்டும். மூன்று பேர் கை வைத்தால்தான் அது அசையும். காலையில் எல்லாரும் பழைய துணியை மாட்டிக்கொண்டு தயாராக நின்றபோது நாத்தனார் தொப்புளைச் சுற்றி வலிக்கிறது என்று சுருண்டு படுத்தாள்.

அவள் சின்ன வயதில் பரீட்சை வந்தால் வயிற்றைப் பிடித்துக்கொள்வாள் என்பது அந்தக் குடும்பத்தில் எல்லாரும் சொல்லிச் சிரிக்கிற பழைய கதை. கணவர் கல்யாணமான புதிதில் சொன்னதை மறுபடியக்கா பத்திரமாக வைத்திருந்தாள். இப்போது எடுத்து வீசினாள்.

"பரீட்சைன்னா வரும்னு உங்கண்ணன் சொல்லியிருக்கார். அலமாரின்னாலும் வரும்னு சொல்லலையே. நல்லாத்தான் நடிக்கிறே போ."

நாத்தனார் கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வந்து அலமாரியின் ஒரு மூலையில் கை கொடுத்தாள். பாதி தூரம் நகர்த்தியதும் வாந்தி எடுக்க ஓடினாள். அண்ணன்காரர் முகம் சுருங்கியது. மறுபடியக்கா, வெறும் வயிற்றில் காபி குடித்தால் இப்படித்தான் என்று தீர்ப்பு சொல்லிவிட்டு அலமாரியின் அடியைப் பெருக்கினாள்.

மறுநாள் விடிந்தபோது வலி வயிற்றின் வலது பக்கம் கீழே இறங்கியிருந்தது. உடம்பும் சுட்டது. மறுபடியக்காவே வேலைக்குப் போகும்போது அவளைக் கூட்டிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் வார்டில் படுக்கையைக் காட்டிய நர்ஸிடம் ஒரு வார்த்தை சொன்னாள். வேண்டுமென்று சொன்னதா, வாய்ப் பழக்கத்தில் வந்ததா, அவளுக்கே தெரியாது.

"கொஞ்சம் பாத்துக்கோங்க சிஸ்டர். வீட்ல வேலைன்னு வந்தா இவளுக்கு வயிறு வலிக்கும்."

நர்ஸ் மரியாதைக்குச் சிரித்தாள். நாத்தனார் தலையணை உறையின் ஓரத்தைச் சரி செய்துகொண்டிருந்தாள்.

ஒன்பது மணிக்கு எடுத்த ரத்தத்தில் கவுண்ட், அதாவது வெள்ளணுக்களின் எண்ணிக்கை, பதினாறாயிரம் இருந்தது. சாதாரணமாகப் பத்தாயிரத்தைத் தாண்டக் கூடாது. குடல்வாலில் வீக்கமாக இருக்கலாம் என்றார் டியூட்டி டாக்டர். ஸ்கேன் எடுத்தார்கள். குடலில் காற்று நிறைந்திருந்ததால் குடல்வால் சரியாகத் தெரியவில்லை. சலைன் ஏற்றி, கிருமிக்கு மருந்து போட்டு, மாலை வரைக்கும் பார்க்கலாம் என்று முடிவானது. சரி, நடிப்பில்லை என்று மறுபடியக்கா மனசுக்குள் ஒப்புக்கொண்டாள். அடுத்த நிமிஷமே, கொஞ்சம் இருந்ததைக் கூட்டிச் சொல்லியிருப்பாள் என்று அதையும் திருத்திக்கொண்டாள்.

பன்னிரண்டரை மணிக்கு வார்டில் எட்டிப் பார்த்தபோது நாத்தனார் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். வலி போயிடுச்சு அண்ணி என்றாள். அண்ணனுக்கு போன் போட்டு அதையே சொன்னாளாம். டாக்டர் சுற்றி வந்தபோது அவரிடமும் சொன்னாளாம். அப்போது அவர் தொட்டுப் பார்த்த வயிறும் இளகித்தான் இருந்ததாம். மூன்று மணிக்கு இன்னொரு தடவை ரத்தம் எடுப்போம், கவுண்ட் இறங்கியிருந்தால் சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம் என்று அவர் சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றேகாலுக்கு மெஷின் எண்ணைக் காட்டியது. நாலாயிரத்து இருநூறு.

கூடத்தில் இருந்த எல்லாருக்கும் சந்தோஷம். மருந்து நன்றாக வேலை செய்திருக்கிறது, உங்க நாத்தனாருக்கு ஒண்ணுமில்லை அக்கா என்றார்கள். கவுண்ட் பத்தாயிரத்துக்குள் இருந்தால் ஸ்லைடு போட்டுப் பார்க்க வேண்டியதில்லை என்பது அங்கே எழுதி ஒட்டிய விதி. ரிப்போர்ட்டை அப்படியே வார்டுக்கு அனுப்பிவிடலாம். மறுபடியக்கா அனுப்பவில்லை. ஆறு மணி நேரத்தில் பதினாறு நாலாகுமா? மருந்து போய்க் கிருமியோடு கைகுலுக்கவே அந்த நேரம் சரியாக இருக்கும். யாரோ டியூபை மாற்றிவிட்டார்கள் என்று அவள் முடிவு கட்டினாள்.

யார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. வார்டுகளுக்குப் போய் ரத்தம் எடுத்து வருகிற ஆள் ஒருவர் இருந்தார். மீசைக்காரர் என்று பெயர். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவை இரண்டு நோயாளிகளின் சீட்டை மாற்றி ஒட்டியவர். அன்றிலிருந்து அவர் கொண்டுவருகிற தட்டை அவள் திருட்டுச் சாமானைப் பார்க்கிற மாதிரிதான் பார்ப்பாள். கூப்பிட்டு நிறுத்தி, எந்தப் படுக்கை, எந்தக் கை, பக்கத்துப் படுக்கையில் யாருக்கு எடுத்தாய் என்று துருவினாள். அவர் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டுக் கடைசியில் சொன்னார்.

"நான் ஒரு தடவை தப்பு பண்ணினேன், ஒத்துக்கறேன். அதுக்கப்புறம் எத்தனை ஆயிரம் தடவை சரியாப் பண்ணியிருக்கேன்னு என்னைக்காவது எண்ணிப் பாத்தீங்களா அக்கா?"

அவள் காதில் வாங்கவில்லை. நாத்தனாருடைய ரத்தம் ஏபி நெகட்டிவ். அந்த வகை வார்டுக்கு ஒருவர் கிடைப்பதே அபூர்வம். காலை டியூபையும் இப்போதைய டியூபையும் எடுத்து இரண்டுக்கும் வகை பார்த்தாள். இரண்டும் ஏபி நெகட்டிவ். மறுபடி பார்த்தாள். அதேதான். மீசைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. அதற்கு முன்னால், இவர் சரி என்றால் வேறு எதுவோ தப்பு என்று தோன்றியது. விதியை ஒதுக்கிவிட்டு ஒரு சொட்டை எடுத்துக் கண்ணாடியில் இழுத்தாள்.

சாயம் காய்வதற்குள் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு லென்ஸை இறக்கினாள்.

முதல் பார்வையிலேயே கை பொத்தானுக்குப் போகாமல் நின்றது. சண்டைக்குப் போகிற வெள்ளணு வளர்ந்து முதிர்ந்ததாக இருந்தால் அதன் கரு மூன்று நான்கு முடிச்சாகப் பிரிந்திருக்கும். இங்கே பாதிக்குப் பாதி முடிச்சே விழாமல் லாடம் மாதிரி வளைந்து கிடந்தது. இளசுகள். மஜ்ஜைக்குள் இன்னும் இரண்டு நாள் வளர வேண்டியவை. உள்ளே கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள், சிலவற்றில் ஓட்டை ஓட்டையாக வெற்றிடம். எண்ணினாள். நூறில் ஐம்பத்திரண்டு இளசு. பெட்டி மணி அடித்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் இரண்டாவது நூறை எண்ணவில்லை.

அந்த ஜெல்லித் தட்டு அவள் கண்முன் வந்தது. இத்தனை வருஷமாக அவள் எண்ணிக்கொண்டிருப்பது ரத்தக் குழாயில் ஓடுகிறவர்களை மட்டும்தான். கூப்பிட்ட இடத்துக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் எந்த டியூபிலும் வருவதில்லை. காலையில் பதினாறாயிரம் என்றால் அழைப்பு கேட்டு எல்லாரும் கிளம்பி வழியில் இருக்கிறார்கள் என்று அர்த்தம். இப்போது நாலாயிரம் என்றால் தீ அணைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. தீ பெரிதாகி, போனவர்கள் எல்லாரும் உள்ளே இறங்கிவிட்டார்கள். அனுப்ப ஆளில்லாமல் மஜ்ஜை பிள்ளைகளை அனுப்புகிறது. குடல்வால் வெடித்திருக்கிறது. மறுபடியக்கா பயந்துவிட்டாள்.

ஸ்லைடைக் கையில் பிடித்தபடியே டியூட்டி டாக்டரின் அறைக்கு ஓடினாள். அங்கே அவள் பழைய பாவங்கள் வரிசையில் நின்றன. போன மாதம் மட்டும் மூன்று தடவை இதேபோல ஓடிவந்து அவரைக் கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போயிருக்கிறாள். மூன்றும் ஒன்றுமில்லாமல் போயின. டாக்டர் வீட்டுக்கு அனுப்புகிற சீட்டை எழுதிக்கொண்டிருந்தார். வலி இல்லை, கவுண்ட் நார்மல், மறுபடி என்ன அக்கா என்று தலை நிமிராமல் கேட்டார். அவள் இளசுகளைப் பற்றிச் சொன்னாள். சாயம் கூடியிருக்கும் என்றார். சொந்தக்காரங்கன்னா எல்லாருக்கும் இப்படித்தான் கைகால் நடுங்கும் என்று ஆறுதலும் சொன்னார்.

"டாக்டர், நான் சொல்றதை நம்பவேண்டாம். நேத்து வரைக்கும் நானே அவளை நம்பலை. வயித்துல ஒரு தடவை கை வச்சுப் பாத்துட்டு அந்தச் சீட்டை எழுதுங்க. ஒண்ணுமில்லைன்னா இனிமே இந்தப் பக்கம் வரமாட்டேன்."

இனிமேல் வரமாட்டாள் என்ற பேச்சு அவருக்குப் பிடித்திருக்க வேண்டும். எழுந்து வந்தார்.

வார்டில் நாத்தனார் ஊருக்குக் கிளம்புகிறவள் மாதிரி தலை வாரிக்கொண்டு மல்லாந்து படுத்திருந்தாள். முழங்கால் இரண்டும் மடங்கியிருந்தன. அண்ணியையும் டாக்டரையும் சேர்த்துப் பார்த்ததும் முகம் கறுத்தது. டாக்டர் எப்படியிருக்கிறது என்று கேட்டார். நல்லா இருக்கேன், வலியே இல்லை என்றாள். மறுபடியக்கா கட்டிலின் அந்தப் பக்கம் போய் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். நிமிஷத்துக்கு நூற்றிருபது ஓடியது. கை சில்லென்று இருந்தது.

"இவளுக்கு உள்ள வெடிச்சிருக்கு டாக்டர்."

நாத்தனார் கையை இழுத்துக்கொண்டாள். "நேத்து நடிப்புன்னு சொன்னீங்க அண்ணி. இன்னிக்கு வெடிச்சிருக்குங்கறீங்க. எனக்கு வலிச்சா நம்பமாட்டீங்க, வலிக்கலைன்னாலும் நம்பமாட்டீங்களா?"

பக்கத்துப் படுக்கைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டர் போர்வையை விலக்கி வயிற்றில் கை வைத்தார். பலகையாக இருந்தது. மெதுவாக அமுக்கினார். நாத்தனார் மூச்சுவிடவில்லை. அமுக்கிய கையைச் சட்டென்று எடுத்தார். அவளிடமிருந்து சத்தமே வரவில்லை, ஆனால் கட்டில் கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயின. கண்ணோரத்திலிருந்து காதுக்குள் தண்ணீர் வழிந்தது. டாக்டர் நர்ஸைப் பார்த்து, ஆபரேஷன் தியேட்டருக்குச் சொல்லுங்க, உடனே என்றார்.

ஆபரேஷன் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நடந்தது. கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்த கணவர் நெற்றியில் ஏற்றிவைத்த கண்ணாடியோடே தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார். கவுண்ட் இறங்கியது நல்லதுதானே, பிறகு ஏன் என்று இரண்டு தடவை கேட்டார். அவள் அதை விளக்க முயன்றாள். உடம்பில் ஓரிடம் கூப்பிடும், கூப்பிட்டால் இதுகள் போய்விடும், போனவர்களை நாம் எண்ண முடியாது என்றாள். மீசைக்காரர் அந்த வழியாக வந்து, இரண்டு கப் டீயை வைத்துவிட்டுப் போனார். அவரைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டாள். அவர் கொஞ்சம் சந்தேகமாகத்தான் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

அறுவை மருத்துவர் அம்மாள் முகமூடியைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தார். குடல்வால் வெடித்து வயிறு முழுக்கச் சீழ் பரவியிருந்ததாகவும், கழுவி எடுத்து, இன்னும் ஊறுவது வெளியே வர ஒரு குழாய் வைத்திருப்பதாகவும் சொன்னார். மறுநாள் காலை வரைக்கும் விட்டிருந்தால் கையை விரித்திருக்க வேண்டியதுதான் என்றார். சீழ் என்றால் என்ன என்று மறுபடியக்காவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கூப்பிட்ட குரலுக்குப் போய் அங்கேயே செத்துக் கிடக்கிற வெள்ளணுக்கள்தான் பெரும்பாலும். அந்தக் காணாமல்போன பன்னிரண்டாயிரமும் அங்கேதான் இருந்தது.

ஆஸ்பத்திரி முழுக்க அவளுக்குப் பேர்தான். விதியை மீறி ஸ்லைடு பார்த்து உயிரைக் காப்பாற்றியவள் என்று டியூட்டி டாக்டரே நாலு பேரிடம் சொன்னார். அவளுக்கு மட்டும் ஏதோ ஒன்று பொருந்தவில்லை. குடல்வால் வெடித்தால் கொஞ்ச நேரம் வலி அடங்கும், அது அவளுக்குத் தெரியும். சீழ் பரவின பிறகு அடங்கியே இருக்காது. பன்னிரண்டரைக்குப் போன வலி நாலு மணி வரைக்கும் எப்படி வராமல் இருந்தது? இரண்டு நாளாக அதையே கிண்டிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் நாத்தனாருக்குத் தலையணையை உயர்த்தி வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டேவிட்டாள். நாத்தனார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஒரு மணி நேரம் நிஜமாவே போச்சு அண்ணி. அப்புறம் முன்னைவிட மோசமா வந்தது."

"அப்புறம் ஏண்டி போயிடுச்சு, போயிடுச்சுன்னே சொல்லிட்டிருந்தே?"

"சிஸ்டர்கிட்ட நீங்க சொன்னீங்களே, வேலைன்னு வந்தா இவளுக்கு வலிக்கும்னு. அவங்க சிரிச்சாங்க. அப்பதான் போச்சுன்னு சொல்லிட்டு, உடனே மறுபடி வலிக்குதுன்னு எப்படிச் சொல்றது? வீட்டுக்குப் போய் ஒரு ஓரமாப் படுத்துக்கலாம்னு நினைச்சேன்."

மறுபடியக்கா டியூபைச் சந்தேகப்பட்டாள், மீசைக்காரரைச் சந்தேகப்பட்டாள், மெஷினை, மருந்தை, காபியைச் சந்தேகப்பட்டாள். போயிடுச்சு அண்ணி என்று இந்தப் பெண் சுவர்ப் பக்கம் திரும்பிச் சொன்ன அந்த ஒரு பொய்யை மட்டும் உடனே நம்பியிருக்கிறாள். நம்புவதற்கு வசதியாக இருந்தது, நம்பினாள். உடம்புக்குள் ஒரு துளி கசிந்ததும் வெள்ளணுக்கள் ஆயிரக்கணக்கில் ஓடிப்போய்ச் செத்திருக்கின்றன. வெளியே கட்டில் பக்கத்தில் நின்ற அண்ணியைக் கூப்பிடக் கூட இவள் பயந்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. போர்வையின் மடிப்பை நீவிக்கொண்டிருந்தாள்.

அப்போது நர்ஸ் மருந்துத் தட்டோடு வந்தாள். அன்றைக்குச் சிரித்த அதே நர்ஸ். நோட்டைத் திறந்து, வலி பத்துக்கு எவ்வளவு என்று வழக்கம்போலக் கேட்டாள்.

"ரெண்டு," என்றாள் நாத்தனார்.

நர்ஸ் குறித்துக்கொண்டு அடுத்த படுக்கைக்குப் போனாள். நாத்தனார் அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். பார்வையில் கேள்வி இருந்தது, கொஞ்சம் பயமும் இருந்தது.

"எட்டு அண்ணி," என்றாள் மெல்ல.

எட்டா, நேற்றே குறைந்ததே, எந்த இடத்தில், எப்போதிலிருந்து என்று கேட்க மறுபடியக்காவிடம் பத்தொன்பது வருஷத்துக் கேள்விகள் இருந்தன. அவள் செருப்பைக் கூட மாட்டாமல் எழுந்து நர்ஸைக் கூப்பிடப் போனாள்.